உப்புக்காற்றில் பழைய டூரிங் பைக்: ராமநாதபுரம் கரையோரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் ஒரு பழைய கரிஷ்மா ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுபோனால் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றுவார். பெரும்பாலும் அவர் கணிப்பு சரியாகவே இருக்கும். அதே வண்டி மண்டபத்திலோ கீழக்கரையிலோ நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி மைனஸை எஞ்சினோடும் சேசிஸோடும் இணைக்கும் எர்த் ஒயர். இந்தக் கரையில் வண்டிக்கு வயதாவது கிலோமீட்டரால் அல்ல, உப்பால். எஞ்சின் கோளாறு என்று சொல்லிப் பிரிக்கப்படும் பல வண்டிகளில் எஞ்சின் நன்றாகவே இருக்கும். எங்கோ ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளருக்குள் களிம்பு பிடித்திருக்கும், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி எஞ்சினிலிருந்து தொடங்காது.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஷ்மா, 2009-இல் பியூயல் இஞ்செக்‌ஷனோடு வந்த கரிஷ்மா இசட்.எம்.ஆர்., பஜாஜ் பல்சர் 220, 2011-இல் வந்த ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர். தூரப் பயணத்துக்கென்று ஆசையாக வாங்கி, முன்னால் ஃபேரிங் என்னும் பிளாஸ்டிக் உறை போட்ட வண்டிகள். டி.என்.-65 எண் பலகையோடு இவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. 15 வருட ஆர்.சி. புதுப்பித்தலைத் தாண்டிவிட்டவை, தாண்டப் போகிறவை. வேறு கம்பெனியின் பழைய டூரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி விஷயம் பொருந்தும்.

உப்பு எங்கே உட்காருகிறது

சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அதற்கு அரைவாசி ஈரம்கூட வேண்டாம். அதனால்தான் பாம்பன், தேவிபட்டினம், வாலிநோக்கம் பக்கம் வண்டியின்மேல் படிந்த தூசு பகலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உலோகத்தை ஒட்டிய அடுக்கில் ஈரம் போவதே இல்லை. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டி ஓடுகிற வண்டியைவிட வேகமாகத் துருப்பிடிப்பதற்கும் இதுதான் காரணம். ஓடுகிற வண்டி சூடாகும், உதறும், மழையில் நனைந்து கழுவப்படும். நிற்கிற வண்டிக்கு அது எதுவும் கிடையாது.

ஃபேரிங் உள்ள வண்டிக்கு இதில் கூடுதல் சிக்கல். ஃபேரிங்குக்கு உள்ளே போன உப்பை மழை கழுவாது, வெயில் காய்ச்சாது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒயர்கள் கூடும் இடம், ஹாரன், ரேடியேட்டரின் பின்பக்கம், ஃபேரிங்கைத் தாங்கும் கம்பிச் சட்டம் எல்லாம் அந்த இருட்டில் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஃபேரிங்கைக் கழற்றுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு ஸ்குரூவும் எந்த ஓட்டையில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறிப் போட்டால் பிளாஸ்டிக் காது உடையும். பழைய இசட்.எம்.ஆருக்கு அந்தக் காதுகளைத் தேடி அலைவது பெரிய பாடு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கமிருந்து வரும் மீன் லாரிகளில் ஐஸ் உருகி வடியும். அது வெறும் தண்ணீர் இல்லை. பின்னால் ஒட்டிப் போனால் ரேடியேட்டரிலும் எஞ்சின் துடுப்புகளிலும் அது தெறித்துக் காய்ந்துவிடும். தாண்டிப் போங்கள், இல்லையென்றால் விலகிப் போங்கள்.

கழுவுவது: தண்ணீரில்தான் விஷயம்

இங்கே பலரும் சறுக்கும் இடம் இதுதான். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போய்விட்டு வந்து, நல்லது செய்வதாக நினைத்து வாட்டர் சர்வீஸில் விடுவார்கள். அங்கே ஓடுவது போர் தண்ணீர். நம் மாவட்டத்துக் கரையோர போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர், அதுவும் பிரஷர் கன்னில். கப்ளருக்குள்ளும் பேரிங் சீலுக்குள்ளும் அதை அடித்து ஏற்றிவிடுகிறோம்.

தண்ணீரைச் சோதிப்பது சுலபம். எவர்சில்வர் தட்டிலோ கண்ணாடியிலோ சில சொட்டுகள் விட்டு வெயிலில் காயவிடுங்கள். வெள்ளை வளையம் அழுத்தமாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா இருந்தால் இன்னும் நல்லது. காவிரிக் குடிநீர், பிடித்து வைத்த மழைத்தண்ணீர், உப்பேறாத ஊருணித் தண்ணீர் எதுவானாலும் சரி. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் வண்டிக்கு எவ்வளவு ஊற்ற முடியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரண்டு வாளி போதும், இந்த வரிசையில் செய்தால்:

1. எஞ்சின் கை வைக்கும் சூட்டுக்கு ஆறட்டும். சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகுங்கள். கடைசியில் எடுக்க மறக்க வேண்டாம்.

2. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் சின்ன கைப் பம்பு ஒன்று வாங்குங்கள். முதல் வாளியை அதில் ஊற்றிக் கீழிருந்து தொடங்குங்கள்: எஞ்சின் அடிப்பக்கம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், மட்கார்டின் உள்பக்கம், சைடு ஸ்டாண்டு மூட்டு, ஃபோர்க்கின் அடி, ரேடியேட்டர் அல்லது ஆயில் கூலர். சோப்பு வேண்டாம். உப்பு கரைய நேரம் வேண்டும், அதனால் நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி அடியுங்கள்.

3. இரண்டாவது வாளியில் கொஞ்சம் ஷாம்பு. டாங்க், ஃபேரிங், வீல். பாத்திரம் தேய்க்கும் பொருள் வேண்டாம், அவற்றில் சிலவற்றில் உப்பு சேர்ந்திருக்கும். மிச்சம் வைத்த நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

4. துடைத்துவிட்டு வண்டியை ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக்கை மெதுவாக நாலைந்து தடவை பிடித்துக் காயவையுங்கள்.

5. கால் மிதி மூட்டுகள், சைடு ஸ்டாண்டு, போல்ட் தலைகள், ஃபேரிங்கின் உள்சட்டம் எல்லாவற்றிலும் டபிள்யூ.டி.-40 வகை ஸ்பிரேயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். டிஸ்க் பக்கமும் டயர் பக்கமும் போகக் கூடாது.

கழுவிய கையோடு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். ஈரம் உள்ளேயே வேகும். கவர் வேண்டுமென்றால் பழைய பருத்திப் போர்வை, அதுவும் வண்டி முழுக்கக் காய்ந்த பிறகு.

மின்சாரம்: பாதிக் கோளாறு இங்கேதான்

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணமானதே போதும். இந்த ஒரு கருவி இருந்தால் தேவையில்லாமல் பேட்டரி மாற்றுவது, ஆர்.ஆர். யூனிட் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) மாற்றுவது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் மிச்சம். சோதனைகளை இதே வரிசையில் செய்யுங்கள். நடுவில் தாண்டினால் ஏமாறுவீர்கள்.

*முதலில் பேட்டரி.* இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் அளவெடுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழ் என்றால் சார்ஜ் போடுங்கள். பேட்டரியின் ஆம்பியர்-அவர் அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். அவசரத்துக்குக் கார் சார்ஜரில் கொடுத்து வேகவைக்காதீர்கள்.

*இரண்டாவது, செல்ப் அடிக்கும்போது.* மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு செல்ப் அடியுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். 11-க்கு மேலேயே நின்றும் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது.

*மூன்றாவது, எர்த்.* இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முனையில், இன்னொரு முனை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில். செல்ப் அடியுங்கள். 0.3 வோல்ட் வரை காட்டினால் விட்டுவிடலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பில் களிம்பு. அதே போல மைனஸிலிருந்து சேசிஸுக்கும் பாருங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் வேறு வேறு அளவு காட்டினால் எந்த இணைப்பு என்பதும் தெரிந்துவிடும். பிளஸ் பக்கமும் இதே வேலை: பேட்டரி பிளஸிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனை வரை. இடையில் உள்ள ரிலேயின் போல்ட்டுகள் இங்கே சீக்கிரம் பச்சையாகிவிடும்.

சரிசெய்வது: பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். எர்த் போல்ட்டை எடுத்து, ஒயரின் வளையத்தையும் சேசிஸில் அது உட்காரும் இடத்தையும் உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முதலிலேயே பூசிவிட்டு இறுக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிசாகப் பூசி நன்றாக இறுக்கினால் தொடும் இடத்தில் அது பிதுங்கி வெளியேறிவிடும், பிரச்சினை இல்லை.

*நான்காவது, சார்ஜிங்.* வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட் எரிய, ஆர்.பி.எம். 4,000-க்குக் கொண்டுபோங்கள். பேட்டரியில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது. பல்பு அடிக்கடி பியூஸ் போவதும் பேட்டரி தண்ணீர் வற்றுவதும் அதன் அறிகுறிகள். 13-க்குக் கீழே நின்றால் அவசரப்பட்டு யூனிட் வாங்காமல் ஸ்டேட்டர் (எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயில்) கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு பின் பழுப்பாகக் கருகியிருக்கிறதா? அப்படியென்றால் உப்பு, தடை, சூடு, அப்புறம் கருகல் என்று கதை வரிசையாக நடந்திருக்கிறது. புது யூனிட்டைப் பழைய கப்ளரில் செருகினால் கொஞ்ச காலத்தில் அதுவும் போகும். கப்ளரையே மாற்ற வேண்டும்.

கப்ளர் நன்றாக இருந்தால், ஸ்டேட்டரிலிருந்து வரும் ஒரே நிற ஒயர்கள் மூன்றையும் ஏ.சி. வோல்ட்டில் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள், வண்டி ஓடும்போது. மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது. வண்டியை அணைத்துவிட்டு, மூன்றில் எந்த ஒயருக்காவது எஞ்சினோடு தொடர்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தாலும் காயில்தான். காயில் கட்டத் தெரிந்தவர்கள் மதுரையில் கிடைப்பார்கள்.

இது தவிர, ஃபேரிங் கழற்றும் ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டும் கப்ளர் அனைத்தையும் பிரித்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து, டை-எலக்ட்ரிக் கிரீஸ் ஒரு பொட்டு வைத்துப் பூட்டுங்கள். அரை நாள் வேலை. சலிப்பான வேலைதான், ஆனால் அடுத்த மழைக்காலத்தில் நடுராத்திரி உச்சிப்புளி ரோட்டில் நிற்காமல் இருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை: என்ன வரிசையில் தேடுவது

பல்சர் 220-க்கும் சி.பி.ஆருக்கும் கிக்கர் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

செல்ப் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, ஆனால் ஹாரன் நன்றாக அடிக்கிறது. அப்படியானால் மெயின் பியூஸும் பேட்டரியும் உயிரோடு இருக்கின்றன. கில் சுவிட்ச், கிளட்ச் லீவருக்கு அடியில் உள்ள சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சி.பி.ஆர். போன்ற வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச். இந்த நான்கும் கடற்கரையில் உப்பு பிடிக்கும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் தரைக்கு அருகில் இருப்பதால் மணலும் சேரும். ஸ்டாண்டை நாலைந்து முறை தட்டித் தட்டி மடக்கிப் பாருங்கள். ஹாரனே முனகினால் பேட்டரிப் பக்கம் போங்கள்.

'டக் டக்' என்று ரிலே மட்டும் அடித்துக்கொண்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது மேலே சொன்ன எர்த்.

செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகியுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக்கைத் தொப்பியில் செருகி எஞ்சின் உலோகத்தில் அழுத்தமாக ஒட்டவைத்துச் செல்ப் அடித்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். பிளக் ஓட்டையின் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், பெட்ரோல் ஆவி பற்றும். பல்சர் 220-இல் இரண்டு பிளக் என்பதால் ஒன்று போனாலும் வண்டி ஓடும். இழுவை குறைந்து மைலேஜ் விழும். பலர் அதைக் கார்புரேட்டர் என்று நினைத்து ட்யூனிங் செய்துகொண்டே இருப்பார்கள்.

பியூயல் இஞ்செக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் பம்ப் சில விநாடி 'ம்ம்' என்று ஓடி நிற்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பியூஸ், ரிலே, பம்ப் கப்ளர் என்று போங்கள். சி.பி.ஆரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு கண் சிமிட்டும் கணக்கிலேயே கோளாறு எண் இருக்கிறது: நீண்ட சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குறுகியது ஒன்றுக்கு ஒன்று. எண்ணிக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் பாதி வேலை முடிந்தது. ஒன்று கவனம்: பேட்டரி சுத்தமாக இறங்கிய இஞ்செக்‌ஷன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய மூச்சு முட்டத் தள்ளாதீர்கள். பம்ப் ஓடவே மின்சாரம் வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் தள்ளிப் பார்க்கலாம்.

பெட்ரோல், டாங்க், கார்புரேட்டர்

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தேங்கும். துரு அங்கிருந்து தொடங்குகிறது. இந்தக் கரையின் காற்றில் பாதி காலி டாங்கோடு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவது துருவை அழைத்து வைப்பதுதான். நிறுத்துவதானால் டாங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

பழைய வண்டிகளின் ரப்பர் இந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் டியூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ கொழகொழத்திருந்தாலோ மாற்றுங்கள். கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கி ஓ-ரிங்குகளையும் மாற்றிவிடுவது நல்லது.

அறிகுறிகள் சில. எஞ்சின் சூடான பிறகும் சோக் இழுத்தால்தான் நிற்கிறது என்றால் பைலட் ஜெட்டில் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டை) அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு. ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைச் சொட்டுங்கள். ஆர்.பி.எம். மாறினால் காற்று அங்கேதான் போகிறது. பைலட் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். ஐடிலிங் நன்றாக இருந்து, ஆக்சிலேட்டரைத் திருகியும் வேகம் ஏறவில்லை என்றால் கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டையே போதும், வண்டியை முடக்க.

டாங்கில் துரு லேசாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பெட்ரோலை வடித்து, டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, வெள்ளை வினிகரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். வடித்து, சோடா உப்பு கரைத்த நல்ல தண்ணீரால் அலசி, உடனே ஹேர் டிரையரால் காயவைத்து, கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சுழற்றுங்கள். காயவைப்பதில் தாமதித்தால் அரை மணிக்குள் புதுத்துரு மஞ்சளாகப் படரும். இங்கும் போர் தண்ணீர் கூடாது.

செயின்

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் குறுக்கே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரு பக்கமும் கடல், காற்றை மறிக்க ஒன்றுமில்லை. கெட்டியான கிரீஸ் பூசிய செயினோடு அங்கே போனால் திரும்பும்போது அது அரம்தான். மணலும் கிரீஸும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டைத் தின்னும். போவதற்கு முன் மேல்பூச்சைத் துடைத்துவிடுங்கள். திரும்பிய அன்றே சுத்தம் செய்து, ஈரம் காய்ந்தபின் 90 கிரேடு கியர் ஆயில் தடவி, மிச்சத்தைத் துணியால் வழித்துவிடுங்கள்.

பல்சர் 220-யிலும் சி.பி.ஆரிலும் ஓ-ரிங் செயின். அதைப் பெட்ரோலில் கழுவக் கூடாது, கம்பி பிரஷ்ஷும் கூடாது. ரிங் போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் போகும், உப்பு நுழையும். செயின் தளர்வு பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கான எண் ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். ஒரே இடத்தில் மட்டும் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு என்றால் இணைப்புகள் துருவால் இறுகிவிட்டன. அந்தச் செயினை ஆயிலால் காப்பாற்ற முடியாது.

பிரேக்

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் பொருள்தான். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பின் அதே ஆயிலுக்குத் தரக்கணக்கில் 155 டிகிரிதான். கம்பெனிகள் இரண்டு வருடம் என்று சொல்லும். கரையோரத்தில் வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

வண்டியைத் தள்ளினால் கனமாக இருக்கிறதா? பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு டிஸ்க்கின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் விடவில்லை. அநேகமாகச் சறுக்கு பின்கள் உப்பில் இறுகியிருக்கும். கழற்றித் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் மாற்றிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். முதல் கரிஷ்மாவில் பின்பக்கம் டிரம். அங்கே இறுகுவது பிரேக் கேம். மிதியை விட்டும் கேமின் லீவர் திரும்பி வரவில்லை என்றால் அதைக் கழற்றிக் கிரீஸ் வையுங்கள்.

கோன்செட், ஃபோர்க்

1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கக் காற்று ஃபேரிங்கைப் பிடித்துத் தள்ளும் இடம். கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்த வண்டியில் அங்கே போனால் ஹேண்டில்பார் கையில் ஆடுவது தெரியும். பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது முன்னால் 'டக்' என்று அடிப்பதும் அதுதான். வீட்டில் சோதிக்க: சென்டர் ஸ்டாண்டு அல்லது எஞ்சினுக்கு அடியில் முட்டு கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இறுக்க வேண்டும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

ஃபோர்க் குழாயின் குரோமில் உப்பு சிறு சிறு புள்ளியாகக் குழி போடும். அந்தக் குழியின் விளிம்பு ஆயில் சீலைக் கிழிக்கும். சீலை மட்டும் மாற்றிவிட்டு, திரும்பவும் ஒழுகுகிறதே என்று கடைக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, ஒரு சொட்டு ஆயிலை விரலில் தொட்டுத் தேயுங்கள்.

டயர்

சீமைக் கருவேல முள்ளைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டும் சின்ன காற்றுப் பம்பும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். பஞ்சரே இல்லாமல் தினமும் காற்று இறங்கினால் ரிம்மின் விளிம்பைச் சுற்றிச் சோப்பு நுரை தடவுங்கள். அலாய் ரிம்மில் உப்பு பிடித்து வெள்ளைப் பொடியாகப் பூத்தால் டயர் சரியாக ஒட்டாது. டயரைக் கழற்றித் தேய்த்துப் போட்டால் நின்றுவிடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் நிறைய இருக்கிறதே என்று பத்து வருடப் பழைய டயரில் பாலத்தில் வேகம் பிடிக்காதீர்கள்.

போல்ட், ஆயில், வால்வு

அலுமினியத்தில் இரும்பு போல்ட், நடுவில் உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம்தான். எவர்சில்வர் போல்ட் போட்டால் துருப்பிடிக்காது என்று மாற்றுகிறார்கள். போல்ட் துருப்பிடிக்காது, அது உட்கார்ந்த அலுமினியம் இன்னும் வேகமாகப் போகும். எந்த போல்ட்டானாலும் இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவிப் போடுங்கள். பேஸ்ட் வழுக்கும் என்பதால் முறுக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள்.

ஆயிலில் பெரிய ரகசியம் இல்லை. மேனுவலில் உள்ள கிரேடு, டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற குறி. மூடியின் உள்பக்கம் பால் நிறத்தில் நுரை தெரிந்தால் பயப்பட வேண்டாம். சின்னத் தூரமே ஓட்டும் வண்டியில் ஈரம் சேரும், ஒரு மணி நேர நல்ல ஓட்டத்தில் போய்விடும். போகவில்லை என்றால், அதுவும் கூலன்ட் உள்ள சி.பி.ஆர். என்றால், வாட்டர் பம்ப் சீலைப் பாருங்கள். வால்வு 'டிக் டிக்' என்பதைவிடச் சத்தமே இல்லாமல் இறுகிப்போவது ஆபத்து. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, சூடானதும் ஐடிலிங் சரிந்தால் ஆறிய எஞ்சினில் வால்வு கேப் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் காகித வகையென்றால் ஊதி ஊதி ஓட்டாமல் மாற்றுங்கள்.

கச்சான் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் பக்கம் போகும்போது காற்று முதுகில் இருக்கும். வண்டி சுகமாக ஓடும், ஆனால் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு எதிர்க்காற்று குறைகிறது. கரிஷ்மா வழக்கத்தைவிடச் சூடானால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். வேகத்தைக் குறைத்து, கியரை இழுக்காமல் ஓட்டுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு

கீழக்கரை, தொண்டி, ஏர்வாடிப் பக்கம் பல வீடுகளில் ஒரு பல்சர் 220 போர்வைக்கடியில் நிற்கும். உரிமையாளர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். "தம்பி, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டிங் வண்டிக்குக் கெடுதல். செல்ப் எடுத்த மின்சாரம் திரும்பி ஏறுவதில்லை, எஞ்சினிலும் சைலன்சரிலும் ஈரம் சேர்கிறது. ஓட்டுவதென்றால் இருபது கிலோமீட்டர் ஓட்டட்டும். இல்லையென்றால் தொடாமலே இருக்கட்டும்.

போவதற்கு முன்: நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, ஆயில் மாற்றி, டாங்கை நிரப்பி, கார்புரேட்டர் கிண்ணத்தை அடி ஸ்குரூ வழியாக வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், மாதம் ஒரு முறை யாராவது சார்ஜ் போடட்டும். பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி எஞ்சினை உருட்டிவிட்டுப் பிளக்கை மூடுங்கள். இரண்டு டயரும் தரையைத் தொடாமல் நிறுத்தினால் நல்லது. கடல் பக்கத்துச் சுவரோரம் வேண்டாம், காற்றோட்டமுள்ள உள்ளறை வேண்டும்.

திரும்பி வந்ததும் சாவியைத் தேடாதீர்கள். முதலில் பழைய பெட்ரோலை வடியுங்கள், ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் நீர் தனியாக நின்றாலோ செந்நிறத் தூள் தெரிந்தாலோ டாங்க் வேலை இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி எஞ்சின் உருள்கிறதா என்று பாருங்கள். பிரேக் பிடித்து விடுகிறதா, கிளட்ச் ஒட்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப் பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை மாட்டும்போது பிளஸை முதலிலும் மைனஸை அடுத்தும் பூட்டி, பிளக் போடாமலே பத்து விநாடி செல்ப் அடியுங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் தெறிக்கும், பிளக் ஓட்டைக்கு மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். கொஞ்ச நேரம் நீலம் கலந்த வெள்ளைப் புகை வரும், அது அந்த ஆயில்தான். முதல் ஓட்டம் தேவிபட்டினம் வரை போதும். திரும்பி வந்து எர்த் சோதனையை மறுபடி ஒருமுறை எடுத்துவிட்டு அடுத்த வாரம் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள்.